சிலி தேசிய விளையாட்டரங்கம்

சிலி தேசிய விளையாட்டரங்கம் தென் அமெரிக்க நாடான சிலியின் தலைநகர் சான்டியாகோவில் அமைந்துள்ள பல்நோக்கு விளையாட்டரங்கம் ஆகும். இதன் முழுப்பெயர் ஹூலியோ மார்ட்டினெஸ் பிராதனோஸ் தேசிய விளையாட்டரங்கம் என்பதாகும். 1938 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வரங்கம் சிலியின் மிகப்பெரிய விளையாட்டரங்கமாகவும், அந்நாட்டுக் காற்பந்து அணியின் முதன்மைத் தாயகக் களமாகவும் விளங்குகின்றது. 1962 ஆம் ஆண்டின் உலகக்கோப்பைக் காற்பந்து இறுதியாட்டம் இங்கேயே நடைபெற்றது.

1973 ஆம் ஆண்டு இராணுவ ஆட்சிக்கவிழ்ப்பைத் தொடர்ந்து இவ்வரங்கம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தடுப்பு முகாமாகப் பயன்படுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இங்கு அடைத்து வைக்கப்பட்டனர். பலர் சித்திரவதை செய்யப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் அரங்கம் இடிக்கப்படவில்லை, விளையாட்டுக்கு மூடப்படவும் இல்லை. அதன் ஒரு பகுதி மட்டும் பழைய நிலையிலேயே பாதுகாக்கப்பட்டு நினைவிடமாகப் பேணப்படுகின்றது. விளையாட்டுக் களமும் நினைவிடமும் ஒரே கட்டிடத்தில் இயங்கும் அரிய எடுத்துக்காட்டாக இது கருதப்படுகின்றது.

பெயர்

திறக்கப்பட்ட நாள் முதல் எழுபது ஆண்டுகளாக இது "தேசிய விளையாட்டரங்கம்" என்றே அழைக்கப்பட்டு வந்தது. சிலியின் புகழ்பெற்ற விளையாட்டுச் செய்தியாளரும் வானொலி, தொலைக்காட்சி வர்ணனையாளருமான ஹூலியோ மார்ட்டினெஸ் பிராதனோஸ் 2008 சனவரியில் காலமானார். அதே ஆண்டில் அவருடைய பெயர் அரங்கத்திற்குச் சூட்டப்பட்டது. எனினும், பேச்சு வழக்கில் பழைய பெயரே இன்றும் நிலைத்துள்ளது.

அமைவிடமும் அமைப்பும்

அரங்கம் சான்டியாகோ பெருநகரின் ஞூஞோவா என்னும் உள்ளாட்சிப் பகுதியில், கிரேசியா நிழற்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. கிழக்கே ஆந்தீசு மலைத்தொடர் தெரியும். முதன்மை அரங்கம் ஏறத்தாழ 60 எக்டேர் பரப்புள்ள ஒரு விளையாட்டு வளாகத்தின் நடுவே உள்ளது. நீச்சற்குளங்கள், டென்னிசுக் களங்கள், மிதிவண்டி ஓட்டக் களம், உள்ளரங்குகள், பயிற்சித் திடல்கள் ஆகியவையும் இவ்வளாகத்தில் அடங்கும்.

முதன்மை அரங்கம் முட்டை வடிவில் அமைந்தது. நடுவில் காற்பந்துத் திடலும் அதனைச் சுற்றித் தடகள ஓடுபாதையும் உள்ளன. இதன் வடிவமைப்பு பெர்லின் ஒலிம்பிக் அரங்கைத் தழுவியது எனக் கூறப்படுகின்றது. பார்வையாளர் மாடங்களுக்குக் கீழே உடைமாற்றும் அறைகளும், மாடங்களுக்கு ஏறிச்செல்லும் சுரங்கம் போன்ற வாயில்களும் உள்ளன. இவ்வாயில்கள் எண்களால் குறிக்கப்படுகின்றன. 1973 நிகழ்வுகளைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பை அறிந்திருப்பது அவசியமாகும்.

முற்காலத்தில் பெரும்பாலான பார்வையாளர்கள் நீண்ட மரப்பலகைகளில் நெருக்கமாக அமர்ந்தனர். ஆகையால் 75,000 க்கும் மேற்பட்டோர் ஆட்டங்களைக் காண முடிந்தது. 1962 டிசம்பரில் சிலிப் பல்கலைக்கழக அணிக்கும் கத்தோலிக்கப் பல்கலைக்கழக அணிக்கும் இடையே நடந்த ஆட்டத்தை 85,262 பேர் கண்டனர் என்பதே அரங்கின் அதிகூடிய வருகையாகப் பதிவாகியுள்ளது. பின்னர்த் தனித்தனி இருக்கைகள் பொருத்தப்பட்டதால் கொள்ளளவு குறைந்தது. 2010 ஆம் ஆண்டை ஒட்டி நடைபெற்ற சீரமைப்புக்குப் பின் இது ஏறத்தாழ 48,000 ஆக உள்ளது.

தொடக்க காலம்

அரங்கின் கட்டுமானப் பணி 1937 ஆம் ஆண்டு தொடங்கியது. 1938 டிசம்பர் 3 ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஆர்த்துரோ அலெசாந்திரியின் பதவிக்காலத்தின் கடைசி மாதத்தில் இது திறந்து வைக்கப்பட்டது. தொடக்க ஆட்டத்தில் சிலியின் கோலோ கோலோ அணி பிரேசிலின் சான் கிறிஸ்தோவாவோ அணியை 6–3 என்ற கணக்கில் வென்றது.

விரைவிலேயே இவ்வரங்கம் கண்டம் முழுவதற்குமான களமாக வளர்ந்தது. 1941, 1945, 1955 ஆகிய ஆண்டுகளின் தென் அமெரிக்கக் காற்பந்துப் போட்டிகள் இங்கு நடைபெற்றன. இவற்றுள் 1955 ஆம் ஆண்டுப் போட்டியின் முடிவை உறுதிசெய்த ஆட்டத்தில் சிலி 0–1 என்ற கணக்கில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. 1948 ஆம் ஆண்டு தென் அமெரிக்க நாடுகளின் முன்னணிக் கழகங்கள் ஏழு பங்குபற்றிய போட்டித்தொடர் இங்கு நடத்தப்பட்டது. பிரேசிலின் வாஸ்கோ ட காமா அணி வென்ற இத்தொடர், பின்னாளில் உருவான கோப்பா லிபெர்ட்டடோரெஸ் கழகக் கோப்பைக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது.

1962 உலகக்கோப்பை

1962 உலகக்கோப்பைக் காற்பந்துப் போட்டியை நடத்தும் வாய்ப்பு சிலிக்குக் கிடைத்திருந்த நிலையில், 1960 மே 22 ஆம் நாள் நாட்டின் தென்பகுதியை 9.5 அளவுடைய நிலநடுக்கம் தாக்கியது. கருவிகளால் பதிவு செய்யப்பட்டவற்றுள் மிகப்பெரிய நிலநடுக்கம் இதுவே. பேரழிவுக்குப் பின்னரும் சிலி போட்டியை நடத்தியது. நான்கு நகரங்களில் ஆட்டங்கள் நடந்தன. தேசிய விளையாட்டரங்கம் இதற்காக விரிவுபடுத்தப்பட்டது. திடலைச் சுற்றியிருந்த மிதிவண்டி ஓடுபாதை நீக்கப்பட்டு, அவ்விடத்தில் கூடுதல் மாடங்கள் அமைக்கப்பட்டன.

இறுதியாட்டம் உட்படப் பத்து ஆட்டங்கள் இங்கு நடைபெற்றன. அவற்றுள் முக்கியமானவை:

சிலி – இத்தாலி (சூன் 2): சிலி 2–0 என வென்றது. இரு இத்தாலிய வீரர்கள் வெளியேற்றப்பட்டனர். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் உதைத்தும் குத்தியும் கொண்ட இவ்வாட்டம் "சான்டியாகோ சண்டை" என்ற பெயரால் அறியப்படுகின்றது. நடுவராக இருந்த இங்கிலாந்தின் கென் ஆஸ்டன், பின்னாளில் மஞ்சள், சிவப்பு அட்டை முறையை உருவாக்கினார். அது 1970 உலகக்கோப்பையில் நடைமுறைக்கு வந்தது.

பிரேசில் – சிலி, அரையிறுதி (சூன் 13): பிரேசில் 4–2 என வென்றது. இதனைக் காண 76,594 பேர் வந்திருந்தனர்.

சிலி – யுகோஸ்லாவியா, மூன்றாமிட ஆட்டம் (சூன் 16): எலாதியோ ரோஹாஸ் அடித்த கோலால் சிலி 1–0 என வென்றது. உலகக்கோப்பையில் சிலி அடைந்த மிக உயர்ந்த இடம் இதுவே ஆகும்.

பிரேசில் – செக்கோஸ்லோவாக்கியா, இறுதியாட்டம் (சூன் 17): மாசோபுஸ்ட் முதல் கோலை அடித்துச் செக்கோஸ்லோவாக்கியாவை முன்னிலைப்படுத்தினார். பின்னர் அமரில்டோ, சீட்டோ, வாவா ஆகியோர் அடித்த கோல்களால் பிரேசில் 3–1 என வென்று தனது இரண்டாவது உலகக்கோப்பையைக் கைப்பற்றியது.

1973: தடுப்பு முகாம்

1970 ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரான சோசலிசவாதி சால்வடோர் அயேந்தேயின் அரசு, 1973 செப்டம்பர் 11 ஆம் நாள் இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது. அயேந்தே அன்றே மாளிகையில் உயிர் துறந்தார். தளபதி அகஸ்தோ பினோசெட் தலைமையிலான இராணுவக்குழு ஆட்சியைக் கைப்பற்றியது. அரசியல்வாதிகள், தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், ஆசிரியர்கள், தொழிலாளர் எனப் பலரும் கைது செய்யப்பட்டனர். அவர்களை அடைக்கச் சிறைகள் போதாத நிலையில், ஆட்சிக்கவிழ்ப்புக்கு அடுத்த நாளிலிருந்து தேசிய விளையாட்டரங்கம் முகாமாக மாற்றப்பட்டது.

மக்களாட்சி திரும்பிய பின் அமைக்கப்பட்ட உண்மைக்கும் நல்லிணக்கத்திற்குமான தேசிய ஆணையம் 1991 ஆம் ஆண்டு வெளியிட்ட ரெட்டிக் அறிக்கை, இதனைச் சான்டியாகோவின் மிகப்பெரிய தடுப்பு முகாமாகக் குறிப்பிடுகின்றது. செப்டம்பர் 22 ஆம் நாள் இங்கு 7,000 பேர் இருந்தனர் என்றும், அவர்களுள் 200 முதல் 300 பேர் வெளிநாட்டவர் என்றும் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் மதிப்பிட்டது. இரண்டு மாதங்களிலும் மொத்தமாக அடைக்கப்பட்டோரின் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் 12,000 முதல் 40,000 வரை வேறுபடுகின்றன.

கட்டிடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் புதிய பயன்பாடு ஏற்பட்டது. ஆண்கள் உடைமாற்றும் அறைகளிலும் மாடங்களுக்கான வாயில்களிலும் அடைக்கப்பட்டனர். விளையாட்டு அணி ஒன்றிற்காகக் கட்டப்பட்ட அறையில் கால் நீட்டிப் படுக்கவும் இடமின்றிப் பெருந்தொகையானோர் இரவைக் கழித்தனர். பெண்கள் நீச்சற்குளத்தை ஒட்டிய உடைமாற்றும் அறைகளில் தனியே வைக்கப்பட்டனர். பகல் வேளைகளில் கைதிகள் மாடங்களுக்குக் கொண்டுவரப்பட்டு, வெறுமையான திடலை நோக்கி அமர்த்தப்பட்டனர். விசாரணைக்கு உரியவர்களின் பெயர்கள் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டன. முகமூடி அணிந்த ஒருவர் கைதிகளிடையே அழைத்து வரப்பட்டு, தமக்குத் தெரிந்தவர்களை அடையாளம் காட்டினார். விசாரணைகளும் சித்திரவதைகளும் பெருமளவில் வளாகத்தின் மிதிவண்டி ஓட்டக் களத்தில் நடந்தன. உள்ளே இருப்பவரைப் பற்றி ஏதேனும் செய்தி கிடைக்காதா என்ற ஏக்கத்துடன் குடும்பத்தினர் கிரேசியா நிழற்சாலைப் பக்க வாயிலில் நாள்தோறும் காத்திருந்தனர்.

இங்கு அடைக்கப்பட்ட வெளிநாட்டவருள் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மாணவர் பிராங்க் தெருஜியும் ஒருவர், அவர் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் கைதாகிக் கொல்லப்பட்ட மற்றோர் அமெரிக்கர், எழுத்தாளர் சார்லஸ் ஹோர்மன் ஆவார். ஹோர்மனை அவருடைய மனைவியும் தந்தையும் தேடிய கதையே கோஸ்டா காவ்ராஸ் இயக்கிய "மிஸ்ஸிங்" என்ற 1982 ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் கருவாகும்.

பாடகர் விக்தோர் ஹாரா இவ்வரங்கில் கொல்லப்பட்டதாகப் பலரும் எழுதுவதுண்டு. அது சரியன்று. அவர் அடைக்கப்பட்டிருந்தது நகரின் வேறொரு பகுதியில் உள்ள "சிலி அரங்கம்" என்ற உள்ளரங்கம் ஆகும். அவ்வுள்ளரங்கம் பின்னர் அவருடைய பெயராலேயே அழைக்கப்படலாயிற்று.

1973 நவம்பரின் தொடக்கத்தில் முகாம் காலி செய்யப்பட்டது. எஞ்சியிருந்த கைதிகளுள் ஒரு பகுதியினர் வடக்கே அட்டகாமா பாலைவனத்திலுள்ள சக்கபுக்கோ முகாமிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். சக்கபுக்கோ, கைவிடப்பட்ட வெடியுப்புச் சுரங்க நகரம் ஆகும்.

எதிரணி இல்லாத ஆட்டம்

1974 உலகக்கோப்பைக்கான தகுதிகாண் சுற்றில் சிலியும் சோவியத் ஒன்றியமும் இரண்டு ஆட்டங்களில் மோத வேண்டியிருந்தது. மாஸ்கோவில் 1973 செப்டம்பர் 26 ஆம் நாள் நடந்த முதலாவது ஆட்டம் 0–0 எனச் சமநிலையில் முடிந்தது. இரண்டாவது ஆட்டம் நவம்பர் 21 ஆம் நாள் சிலி தேசிய விளையாட்டரங்கில் நடைபெறுவதாக இருந்தது.

இரத்தம் தோய்ந்த திடலில் தமது அணி விளையாடாது என்று சோவியத் காற்பந்துக் கூட்டமைப்பு அறிவித்து, ஆட்டத்தை வேறொரு நாட்டிற்கு மாற்றக் கோரியது. ஃபிஃபா அனுப்பிய குழு அக்டோபர் மாத இறுதியில் அரங்கைப் பார்வையிட்டது. அப்போதும் கைதிகள் உள்ளே இருந்தனர். குழுவினரின் பார்வையில் படாதவாறு அவர்கள் மாடங்களுக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தனர். ஆட்டத்தை அங்கு நடத்தத் தடையில்லை எனக் குழு அறிக்கை அளித்தது. சோவியத் அணி வர மறுத்தது.

ஆயினும் குறித்த நாளில் சிலி அணி திடலில் இறங்கியது. நடுவரின் ஊதல் ஒலித்ததும் சிலி வீரர்கள் பந்தைத் தமக்குள் தட்டிக்கொண்டே எதிர்முனைக்குச் சென்றனர். தடுக்க எவரும் இல்லாத கோல்கம்பத்தினுள் அணித்தலைவர் பிரான்சிஸ்கோ வால்தேஸ் பந்தைத் தள்ளினார். மீண்டும் ஆட்டத்தைத் தொடங்க எதிரணி இல்லாததால் அத்துடன் ஆட்டம் முடிந்தது. சிலி 2–0 என்ற கணக்கில் வென்றதாக ஃபிஃபா பதிவு செய்தது. கூடியிருந்த பார்வையாளர்களுக்காகப் பிரேசிலின் சான்டோஸ் அணியுடன் நட்புமுறை ஆட்டம் ஒன்றும் நடத்தப்பட்டது. அதில் சிலி 0–5 எனத் தோற்றது.

இவ்வாறு தகுதி பெற்ற சிலி அணி 1974 உலகக்கோப்பையில் மேற்கு செருமனிக்கு எதிராக ஆடியபோது, அதன் வீரர் கார்லோஸ் காஸெலி சிவப்பு அட்டை காட்டப்பட்டு வெளியேற்றப்பட்டார். உலகக்கோப்பை வரலாற்றில் காட்டப்பட்ட முதல் சிவப்பு அட்டை இதுவாகும்.

இதே போன்ற நிலை டென்னிசிலும் ஏற்பட்டது. 1976 டேவிஸ் கோப்பையில் சோவியத் ஒன்றியம் சிலியுடன் ஆட மறுத்ததால் சிலி இறுதிப்போட்டிக்கு முன்னேறியது. அவ்விறுதிப்போட்டி அந்த ஆண்டு டிசம்பரில் தேசிய விளையாட்டரங்க வளாகத்தின் டென்னிசுக் களத்தில் நடந்தது. அங்கு சென்று ஆடலாமா என்பது இத்தாலியில் பெரும் அரசியல் விவாதமாகியது. இறுதியில் சென்று ஆடிய இத்தாலிய அணி 4–1 என வென்றது. இரட்டையர் ஆட்டத்தில் இத்தாலியின் பனட்டாவும் பெர்தொலூச்சியும் சிவப்புச் சட்டை அணிந்து ஆடினர்.

மக்களாட்சிக்குத் திரும்புதல்

1987 ஏப்ரலில் சிலிக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவ்வரங்கில் இளைஞர்களைச் சந்தித்தார். இது போட்டிகளின் இடமாக மட்டுமன்றித் துன்பத்தின் இடமாகவும் இருந்தது என்பதை அவர் தமது உரையில் சுட்டினார். இராணுவ ஆட்சி இன்னும் நீடித்த அக்காலத்தில், அவ்வரங்கிலேயே இது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது குறிப்பிடத்தக்கது.

1988 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பினோசெட் தோல்வியுற்றார். 1990 மார்ச் 11 ஆம் நாள் பத்ரிசியோ ஐல்வின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். மறுநாள், மக்களாட்சி மீண்டதைக் கொண்டாடும் பெருவிழா தேசிய விளையாட்டரங்கில் நடைபெற்றது. காணாமலாக்கப்பட்டோரின் பெயர்கள் அரங்கின் மின்பலகையில் காட்டப்பட்டன. அவர்களின் குடும்பப் பெண்கள், இணையர்களாக ஆட வேண்டிய குவேக்கா என்னும் நாட்டு நடனத்தைத் தனித்து ஆடினர். வெற்றிடமாக இருந்த துணையின் இடம், திரும்பி வராதவரைக் குறித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பன்னாட்டு மன்னிப்பு அவை இரண்டு நாள் இசை நிகழ்ச்சியை இங்கு நடத்தியது. ஸ்டிங், பீட்டர் கேப்ரியல் முதலிய பாடகர்களும், நாடுகடந்து வாழ்ந்து திரும்பிய சிலியின் இந்தி இயிமானி இசைக்குழுவினரும் அதில் பங்கேற்றனர்.

தென் அமெரிக்க விளையாட்டில் பங்கு

கோப்பா லிபெர்ட்டடோரெஸ் இறுதிப்போட்டிகளில் இரு அணிகளும் சமநிலையில் இருந்தால், பொதுவான மூன்றாவது நாடு ஒன்றில் முடிவு ஆட்டம் நடத்துவது முன்னைய வழக்கமாகும். அர்ஜென்டினா, உருகுவை, பிரேசில் ஆகிய நாடுகளின் அணிகளுக்குச் சான்டியாகோ பொருத்தமான நடுநிலைக் களமாக அமைந்தது. 1965, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளின் முடிவு ஆட்டங்களும் இங்கேயே நடந்தன. 1966 ஆட்டத்தில் 0–2 எனப் பின்தங்கியிருந்த உருகுவையின் பெஞாரோல் அணி, கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியை 4–2 என வென்றது. 1987 ஆம் ஆண்டும் இதே பெஞாரோல் அணி, கூடுதல் நேரத்தின் இறுதிக் கணத்தில் அடித்த கோலால் கொலம்பியாவின் அமெரிக்கா தெ காலி அணியை இங்கு வென்றது.

2015 சூலை 4 ஆம் நாள் நடைபெற்ற கோபா அமெரிக்கா இறுதியாட்டத்தில் சிலி, அர்ஜென்டினாவைச் சந்தித்தது. ஆட்டம் 0–0 என முடிந்த பின், தண்ட உதைகளில் 4–1 எனச் சிலி வென்றது. கடைசி உதையை அலெக்சிஸ் சான்சேஸ் கோலாக்கினார். 1955 ஆம் ஆண்டு இதே திடலில் இதே எதிரணியிடம் நழுவவிட்ட கிண்ணத்தைச் சிலி முதன்முறையாக வென்றது.

2019 நவம்பரில் இங்கு நடைபெறவிருந்த லிபெர்ட்டடோரெஸ் இறுதியாட்டம், சிலியில் அப்போது வெடித்த மக்கள் போராட்டங்களின் காரணமாகப் பெரு நாட்டின் லீமா நகருக்கு மாற்றப்பட்டது.

பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் உரிமை 1975, 1987 ஆகிய ஆண்டுகளுக்குச் சான்டியாகோவிற்கு வழங்கப்பட்டிருந்தும், இரு முறையும் அது கைவிடப்பட்டது. இறுதியில் 2023 ஆம் ஆண்டே இப்போட்டிகள் இந்நகரில் நடந்தன. தொடக்க விழா அக்டோபர் 20 ஆம் நாள் தேசிய விளையாட்டரங்கில் நடைபெற்றது. போட்டிகளுக்காக வளாகத்தில் புதிய விளையாட்டு மையங்கள் கட்டப்பட்டு, அது பொதுமக்களும் பயன்படுத்தும் விளையாட்டுப் பூங்காவாக மேம்படுத்தப்பட்டது. 2025 அக்டோபரில் நடைபெற்ற 20 வயதிற்குட்பட்டோருக்கான உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் மொரோக்கோ அணி அர்ஜென்டினாவை 2–0 என இங்கு வென்றது.

நினைவிடம்

2003 ஆம் ஆண்டு தேசிய விளையாட்டரங்கம் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. முன்னாள் கைதிகளின் அமைப்பு இங்குள்ள நினைவிடங்களைப் பேணுவதில் முன்னின்று வருகின்றது. அவற்றுள் முதன்மையானது எட்டாம் எண் வாயிலாகும். கைதிகள் அடைக்கப்பட்டிருந்த இவ்வாயிலின் உட்புறம் பாதுகாக்கப்பட்டு, நிழற்படங்கள் வைக்கப்பட்டுள்ளன. பெண்கள் அடைக்கப்பட்டிருந்த நீச்சற்குள உடைமாற்றும் அறைகளும் நினைவிடமாக உள்ளன.

எட்டாம் வாயிலுக்கு மேலுள்ள மாடத்தில் மட்டும் பழைய மரப்பலகைகள் அகற்றப்படாமல் விடப்பட்டுள்ளன. சீரமைப்பின்போது அரங்கம் முழுவதும் புதிய இருக்கைகள் பொருத்தப்பட்டபோதும் இப்பகுதி மாற்றப்படவில்லை. அதற்கு மேல், "நினைவற்ற மக்கள் எதிர்காலமற்ற மக்கள்" என்ற பொருள்படும் எசுப்பானிய வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. 2015 கோபா அமெரிக்கா இறுதியாட்டம் போன்ற பெரிய ஆட்டங்களின்போதும் இப்பலகைகளுக்கு நுழைவுச்சீட்டு விற்கப்படுவதில்லை. நிறைந்த அரங்கில் வெறுமையாகக் காட்சியளிக்கும் இச்சிறு பகுதி, தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்ப்போருக்கும் தென்படுகின்றது.

ஆண்டுதோறும் செப்டம்பர் 11 ஆம் நாள் மாலை, முன்பு குடும்பத்தினர் காத்து நின்ற கிரேசியா நிழற்சாலைப் பக்கத்தில் மக்கள் கூடி மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர்.

பிற பயன்பாடுகள்

சிலிப் பல்கலைக்கழகக் காற்பந்துக் கழகம் தனது தாயக ஆட்டங்களை இங்கு ஆடி வருகின்றது. பெரிய இசை நிகழ்ச்சிகளும் இங்கு நடைபெறுகின்றன. 2017 நவம்பரில் சான்டியாகோ மெட்ரோவின் ஆறாம் வழித்தடம் திறக்கப்பட்டபோது, அரங்கின் பெயரிலேயே ஒரு நிலையம் அமைந்தது. தேர்தல் நாட்களில் இவ்வளாகம் நாட்டின் மிகப்பெரிய வாக்களிப்பு மையங்களுள் ஒன்றாகச் செயற்படுகின்றது. 1973 இல் கைதிகள் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட இடத்தில், வாக்காளர்கள் தத்தம் பெயரைப் பட்டியலில் சரிபார்த்து வாக்களித்துச் செல்கின்றனர்.